ஏத்தத்தில் நின்ற வண்டி

டீசல் வண்டியைப் பற்றி இந்தப் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் என்னை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர், கிணற்று வேலைக்குக் கம்ப்ரசர், சில்லறை லோடுக்குப் பிக்கப் என்று என் பேரில் ஓடாத வண்டி இல்லை. ஐந்தாம் வகுப்பைக்கூட முழுசாகத் தாண்டாதவன் நான். எழுத்துக்கூட்டி நாளிதழ் படிப்பேன். இதையும் என் கையாலேயே எழுதுகிறேன். தப்பு இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். வண்டி விஷயத்தில் மட்டும் திருத்த வேண்டாம்.

போன மாதம் புதுப் பிக்கப் ஒன்று, பின்னால் டிரெய்லரை மாட்டினால் மூச்சு வாங்கியது. கம்பெனிப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி, மடியில் கம்ப்யூட்டரை வைத்துத் தட்டினார்கள். காற்றுப் போகிற குழாயில் கசிவு என்றார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். குழாயை மாற்றியதும் வண்டி இழுத்தது. ஆனாலும் சும்மா விடுவேனா? உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, ஒன்பது வயதில் நான் ஒரு வண்டிக்கு வைத்தியம் பார்த்த கதையை ஆரம்பித்தேன். மகன்கள் இருவரும் வெளிநாட்டில். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மூன்று மாடி வீட்டில் நான் பேசினால் எனக்கே திரும்பி வந்து கேட்கிறது. அதனால் கிடைத்தவர்களிடம் பேசிவிடுகிறேன். பையன்கள் மரியாதைக்குப் பாதிக் கதை கேட்டார்கள். போன் வந்தது. அடுத்த வண்டி காத்திருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்கள்.

உண்மையில் அந்தப் பாதியைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். மீதியை யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா இறந்தபோது எனக்கு விவரம் தெரியாது. அப்பா ஜெயங்கொண்டம் பக்கம் வேறு கல்யாணம் செய்துகொண்டு போனார். அந்த வீட்டில் எனக்கு இடமில்லை. அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு குரும்பலூருக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீடு, அதிகாரம், பெட்டிச் சாவி எல்லாம் பெரிய மாமாவிடம். பெரிய மாமாவுக்கு மூன்று பிள்ளைகள். அவர் மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை கெட்டவள் இல்லை. ஒரு வேளைகூட என்னைப் பட்டினி போட்டதில்லை. ஆனால் அவள் பிள்ளைகளின் தட்டில் சோறு விழும்போது கூடவே ஒரு பேச்சும் விழும். ஒரு திட்டாவது விழும். என் தட்டில் சோறு மட்டும்தான் விழும்.

அதனால் நான் வீட்டில் இருந்ததைவிட சின்ன மாமாவின் வண்டியில் இருந்ததுதான் அதிகம்.

சின்ன மாமா கிணற்றில் வெடி வைக்கிறவர். எங்கள் பக்கம், பச்சைமலை அடிவாரத்தில், மண்ணைத் தோண்டினால் ஆள் உயரத்துக்குள் பாறை வந்துவிடும். கம்ப்ரசர் காற்றால் பாறையில் துளை போட்டு, மருந்தைத் திணித்து, வயரை மேலே இழுத்து வந்து, ‘வெடி, வெடி’ என்று நாலு பக்கமும் கத்திவிட்டுப் பேட்டரியில் வயரைத் தட்டி வெடிக்கவைப்பார். பெரிய மாமா ஊர் ஊராகப் போய் வேலை பிடித்து வருவார். சின்ன மாமா வேலையை முடிப்பார். கம்ப்ரசர் இரண்டு டயரில் நிற்கும் பெரிய இரும்புக் கழுதை. அதை இழுக்க ஒரு டீசல் பிக்கப். வேறொருவர் வைத்திருந்து விற்ற வண்டி. வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு வருஷமும் கம்ப்ரசரைக் கட்டி மாங்கு மாங்கென்று இழுத்தது.

அந்த வண்டியில் டிரைவர் சீட்டில் மாமாவைத் தவிர யாரும் உட்காரக் கூடாது. வெடி வேலைக்காரர்களிடம் அப்போது அப்படி ஒரு கட்டு இருந்தது. மருந்து திணிக்கிறவன் உட்கார்ந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்தால் வெடி ஏமாற்றிவிடும், அவர் குனிந்து பார்க்கும்போது வெடிக்கும் என்பார்கள். துளை போடுகிற ஆட்கள் பின்னால் பெட்டியில் நிற்பார்கள், முன்னால் வரமாட்டார்கள். முன்னால் மாமா, மாமாவுக்கு இடப்பக்கம் நான். என் கால் தரையைத் தொடாது. எனக்கென்று இந்த உலகத்தில் இருந்த இடம் அந்த ஒரு சீட்டுத்தான்.

ஒரு நாள் சாயங்காலம் பெரிய மாமா வெளியூர் போய்த் திரும்பி, சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

“ஓசூர்ப் பக்கம் வரிசையா கெணறு புடிச்சிட்டேன்டா. அட்வான்சும் வாங்கியாச்சு. தை பொறந்ததும் கெளம்பிடணும். ரெண்டு மூணு வருசத்துக்கு வேலை இருக்கு.”

“சரிண்ணே” என்றார் சின்ன மாமா. அண்ணன் சொல்லி அவர் வேறு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அப்ப இவன்?”

பெரிய மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். எனக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. மாமா போகிற இடத்துக்கு வண்டி போகும். வண்டி போகிற இடத்துக்கு நான் போவேன். இதில் கேட்க என்ன இருக்கிறது? ஓசூரில் பனி பெய்யும் என்று பெரிய மாமா சொன்னதை வைத்து, மறுநாளே பள்ளிக்கூடத்தில் நான் குளிருக்குக் கம்பளி வாங்கப் போவதாக அளந்துவிட்டேன். அந்த வயதிலேயே எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அடுத்த வாரம் வண்டி இழுக்காமல் போனது.

அடிவாரத்துக் கிணறு ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தோம். வழியில் ஒரு ஏத்தம். வழக்கமாக இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு ஏறிவிடும். அன்றைக்குப் பாதி ஏத்தத்தில் சத்தம் தேய்ந்தது. மாமா முதல் கியருக்கு வந்தார். வண்டி கிழவன் போல இரண்டு எட்டு வைத்து நின்றது. பின்னால் கம்ப்ரசர் கீழே இழுக்க, வண்டி பின்னுக்கு நகர, ஆட்கள் குதித்து டயருக்குக் கல் வைத்தார்கள். கரும்பு ஏற்றிப் போன டிராக்டர்க்காரர் ஒருவர் நிறுத்தி, கயிறு கட்டி எங்களை மேலே இழுத்துவிட்டார். விட்டவர் சும்மா போகவில்லை.

“என்னாண்ணே, புள்ளைக்குப் பால் குடுக்கலையா? தவழுதே!”

ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. என்னையே சொன்ன மாதிரி இருந்தது. மாமா கயிற்றைச் சுருட்டிக் கொடுத்தார்.

பெரம்பலூரில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டோம். டீசல் பில்டரை மாற்றினார். காற்றுப் பில்டரைத் தட்டினார், அதிலிருந்து ஒரு கிணற்றுப் புழுதி கொட்டியது. பானெட்டைத் தூக்கி நின்றபடியே, எஞ்சின் பக்கத்தில் இருக்கிற ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்தார். எஞ்சின் அலறியது.

“கேட்டீங்களா? சிங்கம் மாதிரி கத்துது. இதுக்கு மேல என்னாங்க வேணும்?”

மறுநாள் கம்ப்ரசரை மாட்டி அதே ஏத்தத்துக்குப் போனோம். சிங்கம் அதே இடத்தில் படுத்துக்கொண்டது.

கிணற்று வேலை நின்றது. பெரிய மாமா காலையிலும் சாயங்காலமும் கத்தினார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. வேலை இல்லாததால் மாமா நாள் முழுக்க என்னோடு இருந்தார். பள்ளிக்கூட வாசலில் வண்டியோடு வந்து நிற்பார். “வா மாப்ள, ஓட்டிப் பாப்போம். எங்க சத்தம் வருதுன்னு நீ காத வச்சிக் கேளு” என்பார். கம்ப்ரசர் இல்லாமல் வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு எங்கெங்கோ போவோம்.

ஒரு நாள் திருமழபாடி வரைக்கும் போய்விட்டோம். கொள்ளிடத்தில் தண்ணீர் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. மாமா என் சட்டையைத் துவைத்து மணலில் காயப் போட்டுவிட்டு, என் வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டார்.

“நீச்சல் கத்துக்கடா. எங்க இருந்தாலும் ஒதவும்.”

“எனக்கு எதுக்கு? நீதான் கூட இருப்பியே.”

மாமா கையை எடுக்கவில்லை. ஆனால் முகத்தைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் எழும்பவே இல்லை. மூச்சுப் பிடிக்கிற போட்டி என்று நினைத்து நானும் பிடித்துப் பார்த்தேன். தோற்றுப்போனேன்.

தை பிறந்துவிட்டது. பெரிய மாமாவுக்கு ஓசூரிலிருந்து ஆள் மேல் ஆள் வந்தது. லப்பைக்குடிக்காட்டில் ஒரு பாய் இருக்கிறார், டீசல் வண்டிக்கு அவரை விட்டால் ஆள் இல்லை என்று யாரோ சொல்ல, அங்கே போகச் சொல்லி விரட்டினார். இரண்டு நாள் தள்ளித்தான் மாமா கிளம்பினார்.

பாய் வயதானவர். தாடியில் கிரீஸ் இருக்கும். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் கேள்வி கேட்டார்.

“ஏத்தத்துல நிக்கிறப்ப பொகை எப்புடி வருது தம்பி? கறுப்பா, வெள்ளையா?”

மாமா யோசித்தார். நான் முந்திக்கொண்டேன். “பொகையே வரல.”

பாய் அப்போதுதான் என்னைப் பார்த்தார். “மாஷா அல்லா. இந்த ஆளு பாத்திருக்காரு.” பிறகு எனக்கே நேராகச் சொன்னார். கறுப்புப் புகை வந்தால் வண்டிக்குக் காற்றுப் போதவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் எரியவில்லை. புகையே இல்லாமல் படுத்துக்கொண்டால் டீசலே உள்ளே போகவில்லை. இன்றைக்கும் என் டிரைவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இதுதான். பாய் சொன்னது என்று மட்டும் சொல்வதில்லை.

கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்க, கைபிரேக்கை இழுத்து, மேல் கியரைப் போட்டு, மாமாவைக் கிளட்சை விடச் சொன்னார். எஞ்சின் உதறி நின்றது. “கிளட்ச் சுத்தம்.” ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றினார். ராட்டினம் மாதிரி சுற்றியது. “பிரேக்கும் புடிக்கல.” டீசல் குழாயைக் கழற்றினார், டீசல் பீய்ச்சி அடித்தது. பானெட் பக்கம் நின்று கம்பியை இழுத்தார், எஞ்சின் அலறியது. பாய் துணியில் கையைத் துடைத்தபடி வண்டியைச் சுற்றி வந்தார்.

“வண்டிக்கு நோவு ஒண்ணும் இல்ல தம்பி. அதுக்குப் பசி. சோறு இருக்கு, வாய் இருக்கு. நடுவுல எங்கயோ சோறு போவல. கம்ப்ரசர மாட்டி நானே ஒரு தடவ ஏத்தத்துல ஓட்டிப் பாக்கறேன். சாவி குடு.”

“அது வேணாம் பாய். என் சீட்ல வேற ஆளு உக்கார்றது இல்ல. வெடி வேலை.”

“தெரியும். இருந்தாலும்...”

“வேணாம் பாய்.”

பாய் மாமாவைப் பார்த்தார். பிறகு சீட்டில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். மறுபடி மாமாவைப் பார்த்தார்.

“இந்தப் பையன் யாரு, ஒங்க மகனா?”

“அக்கா மகன்.”

“அம்மா?”

“இல்ல.”

பாய் பானெட்டை மூடினார். “சரி. பம்பு வேலையா இருக்கலாம்னு ஒங்க அண்ணன்ட்ட சொல்லுங்க. திருச்சிக்கு அனுப்பிப் பாக்கணும், நாளாவும்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னே சொல்லுங்க.” கூலி வாங்க மறுத்துவிட்டார். பெரிய வித்தைக்காரர், இவருக்கே கண்டுபிடிக்கத் தெரியவில்லையே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

திருச்சி என்றதும் பெரிய மாமா எகிறிக் குதித்தார். “போதும்டா வைத்தியம். இதை வித்துத் தொலைச்சிட்டு ஒரு டிராக்டர எடுக்கறேன். கம்ப்ரசர அதுல கட்டிக்கிட்டு ஓசூருக்குக் கெளம்பு. நாளைக்கு அரியலூர்லேருந்து ஒருத்தரு வண்டிய வந்து பாக்கறாரு.”

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. டிராக்டரை எனக்குத் தெரியும். டிராக்டரில் ஒரே ஒரு சீட்டுத்தான். மாமா அதில் உட்கார்ந்துவிட்டால் நான் எங்கே உட்காருவது? பிக்கப்பை விற்றுவிட்டால் என் இடமும் அதோடு விற்றுப்போகும். ஒன்பது வயது மூளை அதற்கு மேல் போகவில்லை.

மறுநாள் அந்த ஆள் வந்துவிட்டார். பெரிய மாமா அவருக்கு மோர் கொடுத்து, வண்டியின் டயரைப் புகழ்ந்துகொண்டிருந்தார். சின்ன மாமா வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டி நின்றார். நான் யாருக்கும் தெரியாமல் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். என் சீட்டில் இருந்தால் இறக்கிவிடுவார்கள் என்று, டிரைவர் சீட்டுக்கு முன்னால், கால் வைக்கிற பள்ளத்தில் சுருண்டு படுத்துக்கொண்டேன். சீட்டில் உட்காரக் கூடாது என்றுதானே கட்டு? பள்ளத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எஞ்சின் சூடு ஏறாமல் இருக்கத் தரையில் சாக்கு விரித்திருந்தது. அதில் முகத்தை வைத்து அழுதேன். அழுதுகொண்டே எட்டி ஆக்சிலேட்டர் பெடலைக் கையால் அழுத்தினேன். பாய் சொன்னது நினைவில் இருந்தது. சோறு இருக்கு, வாய் இருக்கு, நடுவில் எங்கேயோ போகவில்லை. சோறு போடுகிற கை இந்தப் பெடல்தானே? அழுத்தினால் பாதி இறங்கியது. அப்புறம் இறங்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன். இறங்கவில்லை. சாக்கை விலக்கிப் பெடலுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். அங்கே ஒரு கட்டை இருந்தது. கட்டைவிரல் நீளத்துக்கு வேப்பங்கட்டை. வயரால் பெடலின் தண்டோடு சேர்த்துக் கட்டியிருந்தது. பெடல் பாதி இறங்கியதும் அது தகரத்தில் முட்டி நின்றது.

மெக்கானிக்குகள் எல்லாரும் பானெட்டுப் பக்கம் நின்று கம்பியை இழுத்தார்கள். எஞ்சின் அலறாமல் என்ன செய்யும்? வெறும் வண்டிக்குப் பாதிப் பெடல் போதும். கம்ப்ரசரைக் கட்டி ஏத்தத்தில் முழுசாக மிதிக்கும்போதுதான் மிதி பாதியில் நின்றது. அந்த நேரத்தில் அந்தப் பெடலில் இருந்த ஒரே கால் மாமாவின் கால்.

நான் கதவை உதைத்துத் திறந்து கத்தினேன். “கண்டுபுடிச்சிட்டேன்! மாமா! கண்டுபுடிச்சிட்டேன்!”

முதலில் வந்தது பெரிய மாமா. குனிந்து பார்த்தார். வாங்க வந்தவரும் குனிந்து பார்த்தார். அத்தை இடுப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். கடைசியாகத்தான் சின்ன மாமா வந்தார். மரத்தடி பத்து எட்டில் இருந்தது. அவர் அதைக் கடந்து வர ரொம்ப நேரம் ஆன மாதிரி எனக்கு ஞாபகம்.

“இது எப்புடிடா இங்க வந்துச்சு?” என்றார் பெரிய மாமா.

சின்ன மாமா பெடலைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். “முன்ன வச்சிருந்தவன் கட்டியிருப்பான்ணே. டிரைவர் வேகமா ஓட்டி டீசல தீக்காம இருக்கணும்னு.”

அப்போது முதலாளிகள் அப்படிக் கட்டுவது வழக்கம்தான். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். வாங்க வந்தவர்கூட, “நம்ம வண்டியிலயும் ஒரு கட்டை வச்சிருக்கேங்க” என்றார். மாமா பள்ளத்துக்குள் கையை விட்டு, பார்க்காமலே அந்த முடிச்சை அவிழ்த்தார். கட்டையை எடுத்துத் தூர எறிந்தார்.

கம்ப்ரசரை மாட்டிக்கொண்டு ஊர் ஜனமே பின்னால் வர ஏத்தத்துக்குப் போனோம். மாமா மிதித்தார். வண்டி கறுப்பாக ஒரு புகையைத் துப்பிவிட்டு, இரண்டாவது கியரில் உச்சிக்கு ஏறியது. பெரிய மாமா என்னைத் தூக்கிக் கம்ப்ரசர் மேல் நிற்கவைத்தார். அதுவரை அவர் என்னைத் தொட்டதே இல்லை. “பெரிய பெரிய மெக்கானிக்கெல்லாம் தோத்துட்டான். எங்க தங்கச்சி மவன் புடிச்சான் பாருங்கடா!” என்றார். அன்றைக்கு ராத்திரி அத்தை என் தட்டில் சோறு போடும்போது, “சாப்புடுடா மெக்கானிக்கு” என்றாள். என் தட்டில் விழுந்த முதல் பேச்சு அது. அந்த ஒரு நாள் கிடைத்த மரியாதைக்காகத்தான் நான் வண்டித் தொழிலுக்கே வந்தேன் என்று நினைக்கிறேன்.

இவ்வளவுதான் நான் எல்லாரிடமும் சொல்கிற கதை. கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன், சங்கத்துக் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். கை தட்டுவார்கள்.

முன்னே வைத்திருந்தவன் கட்டிய கட்டை என்றால், எங்களிடம் வந்து ஒரு வருஷம் வண்டி எப்படி இழுத்தது? இதை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, கிளீனராக இருந்து, டிரைவராகி, ஒரு பிக்கப்பை முதல் தடவையாக லோடோடு ஏத்தத்தில் மிதித்தபோது, மிதித்த காலிலேயே அந்தக் கேள்வி வந்து நின்றது. ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி நின்றேன். அதற்குள் மாமா ஓசூர்ப் பக்கமே கல்யாணம் கட்டி, அங்கேயே தங்கிவிட்டார். எப்போதாவது விசேஷத்தில் பார்த்துக்கொள்வோம். என் தோளைத் தட்டி, “டிப்பர்லாம் எடுத்துட்டியாமே மாப்ள” என்பார். ஆமாம் என்பேன். கட்டையைப் பற்றி நான் கேட்டதில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மீதி இதுதான். வண்டி ஏத்தம் ஏறிய மூன்றாம் நாள் காலையில், அத்தை என் துணிகளை ஒரு தகரப் பெட்டியில் மடித்து வைத்தாள். “கெளம்புறோம் மாப்ள” என்றார் மாமா. நான் குதித்து ஏறி என் சீட்டில் உட்கார்ந்தேன். அத்தையின் பிள்ளைகளுக்குக் கையை ஆட்டினேன். ஓசூர் போகிறவன் ஆட்டுகிற ஆட்டம்.

“கம்ப்ரசர மாட்டலியா மாமா?”

“அது அப்புறம் வந்து எடுத்துக்கறேன்.”

பின்னால் பாரம் ஒன்றும் இல்லை. தகரப் பெட்டியும் ஒரு கோரைப் பாயும்தான். பறக்க வேண்டிய வண்டி, பெரம்பலூர் தாண்டியதும் ஊர ஆரம்பித்தது. ஒரு பஸ் ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போனது. பிறகு ஒரு லாரி. பிறகு, கேட்டால் வெட்கம், பால் கேன் கட்டிய ஒரு சைக்கிள்காரர் எங்களை ஒட்டியே கொஞ்ச தூரம் வந்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு முன்னால் போனார்.

“மிதி மாமா” என்றேன். “இழுக்கும் மாமா. நான் சரி பண்ணிட்டேன்ல, மிதி.”

“மிதிக்கறேன்டா.”

வண்டி அப்படியேதான் போனது. எனக்கு ஒரே அவமானம். நான் சரி செய்த வண்டி! தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன், புகை இல்லை. சோறு போகவில்லை. மாமாவை நிறுத்தச் சொல்லி, இறங்கி நாலு சக்கரத்தையும் பாய் மாதிரி தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எதுவும் சுடவில்லை. பிரேக் பிடிக்கவில்லை. மாமா கொஞ்சமும் அவசரப்படுத்தவில்லை. “நல்லா பாரு மாப்ள. நிதானமா பாரு” என்றார். இன்னொரு தடவை சுற்றி வந்து பார்த்தேன். அப்போதும் கிளம்பலாம் என்று அவர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

மறுபடி ஊர்ந்தது. தாங்க முடியாமல் சீட்டிலிருந்து இறங்கி, அவர் காலடியில் பள்ளத்துக்குள் தலையை விட்டேன். சாக்கை விலக்கினேன். கட்டை இல்லை, வயர் இல்லை. பெடல் மேல் மாமாவின் செருப்புக் கால் இருந்தது. அழுத்தாமல், தூங்குகிற பிள்ளையின் மேல் கை வைத்த மாதிரி சும்மா இருந்தது.

“ஒண்ணும் இல்ல மாமா” என்றேன், மேலே ஏறி உட்கார்ந்து.

“அப்ப என்னா கோளாறு?”

“தெரியல. பாய்ட்ட காட்டலாம்.”

“காட்டலாம்” என்றார் மாமா. அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறிய பிறகு தூரத்தில் சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி தெரிந்தது. அதற்குக் கீழே ஊர், ஓட்டு வீடுகள், அதில் ஒரு பக்கம், மாமா என்னைக் கொண்டுபோய் விடவிருந்த பிள்ளைகள் விடுதி இருந்திருக்கும். அரியலூரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. புகைபோக்கியின் உச்சியில் வெள்ளையாகப் புகை நின்றது. பனி பெய்கிற ஊர் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. எழுந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கேட்டேன்.

“ஓசூர் வந்துடுச்சா மாமா?”

மாமா பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டார். வண்டி சத்தம் குறைந்து, உருண்டு உருண்டு, ஒரு புளியமரத்து நிழலில் தானாக நின்றது.

இன்னும் ஏதோ கோளாறு இருக்கிறது என்று, நான் மறுபடியும் கீழே குனிந்தேன்.